நரிக்கு மட்டும் எங்கள் பேச்சு

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் நானும் என் கூட்டாளியும் சின்னப் பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் படம் செய்கிறோம். நான் வரைவேன், அவர் குரல் கொடுப்பார். கீழே பஸ் ஹாரன் ஓய்கிற நேரம் பார்த்துத்தான் குரல் பதிவு. ஐந்து நிமிஷப் படம், முடிவில் ஒரு நல்ல புத்தி. அவ்வளவுதான் தொழில்.

அந்தப் படத்தில் முயல் வைத்திருக்கும் கருப்பட்டியை நரி கேட்காமல் எடுத்துத் தின்னும். "நண்பா, கேட்டுவிட்டு எடுக்கலாமே" என்று முயல் பாடப்புத்தகம் மாதிரி பேசும். நரிக்கு மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சை வைத்தோம். "ஏலே முயலு, இங்கன வாலே" என்று கூட்டாளி இழுத்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஊர்ப் பேச்சென்றால் சிரிப்புக்குத்தான் என்பது எங்களுக்கே ஊறிப்போயிருந்தது. இப்போது நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலு வயது மகளுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். எட்டுத் தடவை பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தவளிடம், "ஏட்டி, பைய வா" என்றேன். அப்படியே நின்றாள். பிறகு ஓடிப்போய் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா நரி மாதிரி பேசுதாங்க. எனக்கு வேண்டாம்."

இரண்டு நாள் என் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கவில்லை. தூக்கப் போனால் உடம்பை விறைத்துக்கொண்டாள். முயல் தமிழில் கொஞ்சிப் பார்த்தேன். இன்னும் சந்தேகமாகப் பார்த்தாள். பெற்ற பிள்ளையே பயப்படுகிறதே என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் அசையவில்லை. "நல்லவன்லாம் புஸ்தகத் தமிழ்லயா பேசுதான்? நீங்க இழுத்து விட்டது, நீங்களே சரி பண்ணுங்க" என்றாள்.

படத்தை மாற்றவேண்டும் என்றதும் கூட்டாளிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுநாள் அனுப்பவேண்டிய படம். முயலும் ஊர்ப் பேச்சு பேசினால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புரியாது என்றார். நரி பேசினால் புரியும், முயல் பேசினால் புரியாதோ என்று நானும் எகிறினேன்.

"அப்போ நரிக்குப் புஸ்தகத் தமிழக் குடுத்துருவோமா? பொறவு பிள்ள டீச்சரக் கண்டா அழும் வே."

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். கடைசியில் இரண்டுமே நம்ம ஊர்தான் என்று முடிவானது. முயலுக்கு நானே குரல் கொடுத்தேன்.

சாயங்காலம் மகளை மனைவியின் மடியில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். நான் கதவோரமே நின்றுகொண்டேன். முயல் நரியிடம், "கேட்டுட்டு எடுலே, தாரேன்" என்றது. மகள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவள் கையில் கருப்பட்டி டப்பா இருந்தது. நேரே என்னிடம் வந்து நீட்டினாள்.

"ஏலே அப்பா, ஒரு துண்டு எடுத்துக்கிடட்டா?"

அப்பாவை ஏலே என்பதா என்று மனைவி அதட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எடுத்துக்கோட்டி என்று டப்பாவைத் திறந்தேன். என் மடியில் ஏறி உட்கார்ந்து, சட்டையெல்லாம் பிசுபிசுக்கத் தின்றாள்.