எந்தப் புளியங்குளம்?

காலை ஆறரைக்கு மதுரையில் கிளம்பிய பஸ் அருப்புக்கோட்டை வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. முப்பது மைல்தான். என்ஜின் சூட்டுக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு தடவை நிறுத்தினார்கள். இரண்டாவது தடவை ஊற்றத் தண்ணீரே இல்லை. அறுபத்தொன்பதாம் வருடம், கத்திரி வெயில். இந்த வெயிலில் இந்தப் பக்கம் வந்ததற்கு என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

வந்த வேலை இது. நான் விமானப் படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக இம்பாலில் வேலை. அங்கே உலகப் போரில் செத்தவர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். விமானப் படை ஆட்களில் தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டால் அந்தக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு, காவலாளியிடம் பதிவேட்டை வாங்கி ஊரையும் செத்த விதத்தையும் குறித்துக்கொள்வேன். ஊர் திரும்பிய பிறகு மூன்று குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் படத்தைக் கொடுத்துவிட்டேன். நாலாவது இருளப்பன். விமானத்தில் பின்னால் உட்கார்ந்து துப்பாக்கி பிடித்தவர். ஊர்: புளியங்குளம், அருப்புக்கோட்டை தாலுகா. இரண்டு கடிதம் போட்டேன். இரண்டும் திரும்பி வந்தன.

பஸ் நிலையத்தில் விசாரித்தேன். "பந்தல்குடி பஸ்ஸுல ஏறுங்க," என்றார் டீக்கடைக்காரர், கண்ணை மூடிக்கொண்டு சொல்வது போல. ஏறினேன். பந்தல்குடியில் இறங்கி, லாரிகள் வாரி இறைத்த புழுதியைத் தின்றுகொண்டே இரண்டு மைல் நடந்தேன். பேன்ட் போட்டு, பையோடு வந்தவனைக் கண்டதும் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. "லோனு வசூலுக்கா?" என்று ஒருவர் வேலிக்கு உள்ளேயிருந்தே கேட்டார். இல்லை என்று சத்தம் போட்டுச் சொன்ன பிறகுதான், தபால் வாங்கிக் கொடுக்கும் பெட்டிக்கடைக்காரரிடம் அனுப்பினார்கள்.

"இருளப்பனா? அந்தப் பேருக்குக் கடுதாசி வரும். சண்ட முடிஞ்ச காலத்துல சர்க்கார் முத்திர போட்டே வந்துச்சு. அப்பிடி ஆளு இங்க இல்லன்னு திருப்பிட்டோம்."

"என் கடிதத்தையும் நீங்கதான் திருப்பினீங்களா?"

"ஆமா. திருச்சுழிப் பக்கம் இன்னொரு புளியங்குளம் இருக்கே, அங்க கேட்டீகளா?"

"இத்தனை வருஷத்துல உங்களுக்குக் கேக்கத் தோணலையா?"

"நமக்கு என்ன சோலி?" என்று சொல்லி, எனக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். கோபத்தோடு வாங்கிக் குடித்தேன். அதற்குக் காசு வாங்க மறுத்ததும் கோபம் இன்னும் ஏறியது.

மறுபடி அருப்புக்கோட்டை. மறுபடி காத்திருப்பு. திருச்சுழி பஸ்ஸில் நூல் மூட்டைகளுக்கு இடையில் ஒற்றைக் காலில் நின்றபடி பத்துப் பன்னிரண்டு மைல். இறங்கிய இடத்திலிருந்து மூன்று மைல் தள்ளி ஊர் என்றார்கள். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் பாதி வழியில் இறக்கிவிட்டு, "அந்தா தெரியுதுல்ல," என்றார். எனக்கு வெள்ளைப் பொட்டலும் கருவேல மரமும் தவிர ஒன்றும் தெரியவில்லை.

ஊர் எல்லையில் விறகைக் கரியாக்கும் மூட்டம் புகைந்துகொண்டிருந்தது. வேப்ப மர நிழலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தவர் பெயர் கருப்பையா. கேட்டதும் சிரித்தார். "எங்க சித்தப்பா மகந்தான். பிளேன் ஓட்டப் போறேன்னு போனான். பர்மாக்காரியக் கட்டிக்கிட்டு ரங்கூன்ல இருக்கான்."

"யார் பார்த்தது?"

"பார்த்தவுக சொன்னாக."

"அந்தப் பார்த்தவுக யாருன்னு கேக்கறேன்."

பையைத் திறந்து படத்தை நீட்டினேன். கீழே நான் தமிழில் எழுதியிருந்த பெயரை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவன் பொண்டாட்டி பேச்சியம்மா அந்தா மூட்டத்துல நிக்கா. சொல்லிராதீக, அய்யா. என்னைக்காவது வருவான்னு பொட்டு வச்சுக்கிட்டுத் திரியுறா. இருந்துட்டுப் போகட்டும்."

வெயிலில் நாள் முழுக்க அலைந்து, கடைசியில் சொல்லவா வேண்டாமா என்ற இடத்தில் வந்து நின்றேன். அவர் சொன்னதும் நியாயம் மாதிரிதான் பட்டது. படத்தைப் பைக்குள் வைக்கப் போனேன். அதற்குள் அந்த அம்மாளே வந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. முழங்கை வரை கரி.

"அவுகளப் பத்தியா?"

ஆமாம் என்றேன். அப்புறம் மறைக்க முடியவில்லை. விமானம் விழுந்ததையும் இம்பாலில் அடக்கம் செய்ததையும் சொன்னேன். படத்தை நீட்டினேன். "கையெல்லாம் கரி. நீங்களே பிடிங்க," என்று குனிந்து பார்த்தார். கண்ணீர் வரவில்லை. படத்தில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த வருசம்?"

"நாற்பத்து நாலு."

அவர் நிமிர்ந்து கருப்பையாவைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீகளா கொழுந்தனாரே? ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு சொல்லிச் சொல்லி ஒரு விசேச வீட்டுலயும் என்னைய முன்னால நிக்க விடல. போன மறு வருசமே செத்துருக்காக."

மூட்டத்தில் நின்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி பேச்சியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் அழுதார்.

அழுகை ஓய்ந்ததும் என்னிடம் கேட்டார். "நம்மள்ல எரிக்கத்தான செய்வோம். அவுகள ஏன் பொதச்சாங்க?"

"விமானத்தை ஓட்டினவரும் அதே இடத்துல போயிட்டார். யார் உடம்பு யாருதுன்னு பிரிக்க முடியல. ரெண்டு பேரையும் ஒரே குழியில வச்சுட்டாங்க."

"கூட ஒரு ஆளா? யாரு?"

"பஞ்சாப்காரர்."

"அவுக வீட்டுக்குச் சொல்லிட்டீகளா?"

இல்லை என்றேன். தமிழ்ப் பெயர்களை மட்டும்தான் குறித்தேன் என்பதை எப்படிச் சொல்வது? பஞ்சாப் ரொம்பத் தூரம் என்றேன். அது அவருக்குப் பதிலாகவே படவில்லை.

"அங்கயும் ஒருத்தி இப்பிடித்தான உக்காந்துருப்பா. சொல்லிருங்க, அய்யா."

படத்தைக் கருப்பையாவிடமே கொடுக்கச் சொன்னார்; அவரே வந்து தன் வீட்டில் மாட்ட வேண்டும் என்றார். கருப்பையா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. இதுவே கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். இனி அந்தத் தோட்டத்துக் காவலாளிக்கு எழுத வேண்டும். பஞ்சாபில் எந்த ஊர், அந்தப் பெயரில் அங்கே எத்தனை ஊர் என்று கேட்க வேண்டும்.