பதினொரு சிவப்பு அம்புகள்

எங்கள் தையல் ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவள் நான்தான். பக்கத்து மேசையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிற எனக்கு அந்த உரிமைகூட இல்லையா? அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, காலரில் தொடங்கி தோள், கை, பொத்தான், ஓரம் என்று ஒரு சுற்று வருவாள். எங்கே கோணலோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். அம்பு விழுந்த சட்டை திரும்பப் போய்விடும். ஒரு சட்டைக்கு நாற்பது விநாடி. பதினான்கு வருடமாக இதே வேலை என்பதால், கண் பார்ப்பதற்கு முன்பே கை ஒட்டிவிடும்.

அது மேசையோடு நின்றிருந்தால் தேவலை. ஆசையாக என் கல்யாண போட்டோவைக் காட்டினேன். "மாப்பிள்ளைக்கு காலர் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது" என்றாள். இத்தனை வருடம் என் கண்ணில் படாத காலர் அது. இப்போது அந்தப் படத்தில் காலரைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரிவதில்லை.

அவளுக்கு ஒரே மகள், பதின்மூன்று வயது. நன்றாக வரைவாள். வரைந்ததையெல்லாம் அம்மாவிடம்தான் முதலில் காட்டுவாள். ஒருநாள் குதிரையைக் காட்டப்போய், "பின்னங்கால் குட்டையா இருக்குடி" என்று வாங்கிக்கட்டிக்கொண்டு நோட்டை மூடினாள். அன்றிலிருந்து எல்லாம் அப்பாவிடம்தான். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே "சூப்பர் கண்ணு" என்பார். பார்க்காமலே பாஸ் போடுகிறார் என்று இவளுக்கு வயிற்றெரிச்சல். மூன்று மாதமாக நோட்டு இவள் கண்ணிலேயே படவில்லை. "நான் என்ன பொய்யா சொன்னேன்? கால் குட்டைதானே?" என்று என்னிடம் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. சட்டையில் கண்ணீர் பட்டால் அதற்கும் அம்பு ஒட்டவேண்டி வருமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளியில் சனிக்கிழமை நிகழ்ச்சி ஒன்று ஆரம்பித்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் நம்பிக்கை வளர வேண்டுமாம். அதற்குப் பெற்றோரும் கூட உட்கார வேண்டுமாம். என் மகளும் அதே வகுப்பு என்பதால் நானும் போனேன். "என்னை வராதேன்னு சொல்லிட்டா" என்று பள்ளி வாசலிலேயே தயங்கி நின்ற பூதக்கண்ணாடியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனது நான்தான். பிறகு நடந்ததில் என் பங்கு அவ்வளவே.

பிள்ளைகள் ஆளுயரக் காகிதத்தில் தங்களையே வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். ஆலோசகர் டீச்சர் ஒரு டப்பா நட்சத்திர ஸ்டிக்கரோடு வந்தார். "உங்க பிள்ளைகிட்ட உங்களுக்கு எது பிடிக்குமோ, படத்துல அந்த இடத்துல ஒண்ணு ஒட்டுங்க" என்றார். எங்கள் பக்கம் வருவதற்குள் டப்பாவில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் மிச்சம். அதை நான் எடுத்துக்கொண்டேன். "பரவாயில்ல டீச்சர், என்கிட்ட இருக்கு" என்று பூதக்கண்ணாடி பைக்குள் கையை விட்டாள்.

என் மகள் படத்தில் நட்சத்திரத்தை ஒட்டிவிட்டுத் திரும்பினேன். நாற்பது விநாடிதான் ஆகியிருக்கும். அவள் மகளின் படத்தில் காலரில் தொடங்கி ஒரு சுற்று முடிந்திருந்தது. பதினொரு சிவப்பு அம்புகள். ஒரு காது மேலே, ஒரு காது கீழே. இடது கை முழங்காலைத் தொடுகிறது. வாய் கோணல். கடைசி அம்பு விழுந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதறிப்போய் உரிக்கப் பார்த்தாள். காகிதம் கிழிய ஆரம்பித்தது. பின்னால் மகள் நின்றிருந்தாள்.

டீச்சருக்கு அம்பின் கதை தெரியாது. "அடேயப்பா, பதினொண்ணா!" என்று கைதட்டினார். மகளுக்குத் தெரியும். பள்ளிச் சீருடையிலேயே எத்தனையோ அம்பு பார்த்தவள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒவ்வொண்ணும் எதுக்குன்னு எங்கம்மாவையே சொல்லச் சொல்லுங்க."

சரியான கைகாரி! கூடமே திரும்பிப் பார்த்தது. பூதக்கண்ணாடி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"காது..." என்று இழுத்தாள். "நானும் இவங்கப்பாவும் அடுத்த ரூம்ல எவ்வளவு மெதுவா சண்டை போட்டாலும் இவ காதுல விழுந்துடும். வந்து நடுவுல உக்காந்துக்குவா."

"இடது கை?" மகள் விடவில்லை.

"குனிஞ்சு குனிஞ்சு என் கழுத்து வலிக்கும். நான் கேக்காமலே பிடிச்சு விடுற கை."

மூன்று அம்பு வரை திக்கித் திணறியவள் நாலாவதில் வேகம் பிடித்தாள். ஏழாவதில் டீச்சர், "போதும்மா, நேரமாகுது" என்றார். "இருங்க டீச்சர், இன்னும் நாலு இருக்கு!" என்று அவரையே அதட்டினாள். கடைசி அம்பு வாயில். "எங்க ஆலையில மேனேஜர்கூட என்னை எதிர்த்துப் பேசமாட்டார். இவ பேசுவா. எனக்கு அது வேணும்." எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள், "எல்லாம் அங்கேயே அடிச்சு விட்டதுதானே?"

"ஒட்டினது தப்புக்குத்தான்டி. சொன்னது நிஜம்."

அவள் என் மகளோடு முன்னால் நடந்துவிட்டாள்.

மீதியைத் திங்கட்கிழமை டீ நேரத்தில் அவளே சொன்னாள். முந்தின நாள் மத்தியானம் மகள் படம் வரையும் நோட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தாளாம். விரல் நுனியில் ஒரே ஒரு அம்பு.

"ஒண்ணுதான் தருவேன். ரெண்டாவது கேட்டா மறுபடியும் அப்பாகிட்டயே போயிடுவேன்."

படத்தில் இருந்தது இவளேதான். விளக்குக்கு அடியில் குனிந்து சட்டை பார்க்கிற அம்மா. மேசைக்கு மூன்று கால். விளக்கின் வயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. "மூக்கு என்ன அவ்வளவு பெரிசாவா இருக்கு எனக்கு?" என்று நடுவில் என்னைக் கேட்டாள். நான் டீயைக் குடித்தேன். மொத்தம் ஏழு தப்பு எண்ணியிருக்கிறாள். அம்பை வாங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கத்தின் கீழ் மூலையில், மகள் எழுதியிருந்த பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினாளாம்.

"இதுல என்ன தப்பு?" என்று மகள் சண்டைக்கு வந்திருக்கிறாள்.

"பொடிசா எழுதியிருக்கியே. வரைஞ்சது யாருன்னு தெரிய வேணாமா? பெரிசா எழுது."

மகள் ரப்பர் எடுக்க ஓடினாளாம்.