தரையில் கிடந்த கப்பல் விசிறி

பிள்ளைகளே, ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் செங்கல் கட்டடத்தைக் காரில் போகும்போது காட்டியிருக்கிறேன். விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே நீராவிக் கப்பல்களுக்கு இயந்திரம் செய்தார்கள். பிறகு அது களஞ்சியமானது, நெடுநாள் பூட்டிக் கிடந்தது, இப்போது அலுவலகமாகிவிட்டது. அதன் மேல்மாடிப் பலகைத் தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்க நானும் என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவரும் போனோம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். இந்த வேலையாவது நிலைக்கும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

எட்டு மணிக்குத்தான் தொடங்கச் சொன்னார்கள். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, வேலையை மேற்பார்க்கும் சுப்பவைசர் வருமுன் ஒரு மூலையையாவது முடித்துக் காட்டாவிட்டால் மனம் ஆறாது. ஏழு மணிக்கே தரை தேய்க்கும் மெஷினைப் போட்டேன். தரை முழுக்க வளைந்து வளைந்து கீறல்கள்.

"மாடு கட்டி உழுதிருக்கிறாங்கள் போல," என்றார் அண்ணை.

"உது ஒரு மணித்தியால வேலை அண்ணை. வந்து பாத்து வாயைப் பிளக்கப் போறாங்கள்."

யன்னல்களால் வெயில் சரிந்து வந்தது. மரத்தூள் பொன் நிறத்தில் மிதந்தது. அந்த வெளிச்சத்தில் கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிய பூவொன்று தண்ணீருக்கடியில் மெல்லச் சுழல்வதுபோல் தெரிந்தது. அதன் அழகைப் பார்த்துக்கொண்டே தேய்த்தேன்.

திடீரென்று ஒரு பெண் ஓடிவந்தாள். கட்டடத்துக்கு வரைபடம் போடுபவள், இந்த நாட்டிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"அங்கிள், ஸ்டொப்! இது கீறல் இல்லை. தண்ணிக்கடியில சுழண்டு கப்பலைத் தள்ளுற விசிறி. அந்தக் காலத்து ஆக்கள் முழு சைஸில தரையில கீறி, அதைப் பாத்துத்தான் செய்தவை. இது அவையின்ர ட்ரோயிங்!"

விசிறியின் நான்கு இதழ்களில் ஒன்று என் மெஷினில் தேய்ந்து போய்விட்டது.

அண்ணை என் காதுக்குள், "மெஷின் தன்பாட்டில ஓடிப்போட்டுது எண்டு சொல்லுவம்," என்றார்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணை. பொய் வேண்டாம்."

சுப்பவைசர் வந்ததும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். அவர் என்னை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு நாள் தொலைபேசி அடிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைதான் அழைத்தாள்.

"மிச்ச மூண்டு இதழையும் கையால கிளீன் பண்ண வேணும், அங்கிள். பொறுமையான ஆள் ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொல்லிப்போட்டன்."

இரண்டு கிழமை முழங்காலில் இருந்து, சின்னத் தூரிகையால் கோடு கோடாகத் தூசி எடுத்தேன். காதுக்குள் அந்த விசிறி சுழலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டபடியே இருந்தது. கடைசி நாள் அவள் கேட்டாள்: "மற்றதுகளைப் பாத்து நாலாவதையும் கீறிவிடுவமோ?"

"வேண்டாம் பிள்ளை. அது நான் அழிச்சது. அப்பிடியே கிடக்கட்டும்."