நீலக் காளையின் பின்னங்கால்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் ஒரு காளையின் பின்னங்கால்களாக இருந்தேன். முன்னங்கால்கள் என் அத்தை. காளை என்று வெளியே தெரிந்த பெருமை முழுவதும் அவளுக்கு. வெந்து, வேர்த்து, மடங்கிய இடுப்பு நிமிராமல் கிடந்தது நான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு லேசாக எரிச்சல் வருகிறது.

அந்த வருஷம் ஒரு படம் வந்தது. தெலுங்கில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை என்று, ஆந்திராவில் இருக்கும் எங்கள் புத்தூரில் எல்லாரும் இரண்டு தடவை பார்த்தார்கள். கோடாரி வைத்திருக்கும் ஒரு காட்டு ராஜா. அவன் ஏறி வருவதற்குச் சிங்கப் பிடரி வைத்த ஒரு நீலக் காளை. எங்கள் தெருப் பையன்கள் ராஜா மாதிரி தாடி வளர்த்தார்கள்; முளைக்காதவர்கள் மையால் வரைந்துகொண்டார்கள். அத்தைக்கு மட்டும் ராஜாவைப் பற்றி ஓர் அபிப்பிராயமும் இல்லை. அவளுக்குக் காளையைத்தான் பிடித்திருந்தது. நான்கு முறை பார்த்துவிட்டு வந்து, காளை இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரம்தான் வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. அவர்களுடைய பெற்றோர் இல்லாததால் எங்களோடுதான் இருந்தாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறி, சத்தியவேட்டுப் பக்கம் போன் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலைக்குப் போய், மாலையில் திரும்புவாள். நைனாவைவிட நாலு விரல் உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் தலை இடிக்காமல் அவளால் நுழைய முடியாது. அதனால் வெளியே வருவது, உள்ளே போவது எல்லாமே குனிந்தபடிதான். வீட்டுக்கு வெளியிலும் அப்படியே நடக்கப் பழகியிருந்தாள். பெண் பார்க்க அதுவரை ஐந்து குடும்பங்கள் வந்து போயிருந்தன. எல்லாரும் ஊருக்குப் போய்ப் போன் பண்ணுவதாகச் சொன்னவர்கள்தான்; ஒருவரும் பண்ணவில்லை.

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் படத்தின் ரசிகர்கள் ஒன்றுகூடிக் கொண்டாடப் போகிறார்கள், மாறுவேடப் போட்டி உண்டு, முதல் பரிசு கியர் சைக்கிள் என்று ஒருநாள் போனில் படித்துச் சொன்னாள் அத்தை. சைக்கிள் எனக்கே என்றும் சொன்னாள். நான் விழுந்தது அந்த ஒரு வார்த்தையில்தான். காளைக்கு நான்கு கால்கள் என்பதை அவள் மறுநாள்தான் நினைவூட்டினாள்.

இதில் முதல் சங்கடம், அத்தைக்குத் தைக்கத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக்கொடுப்பதும் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் அம்மாதான். ஆனால் நாத்தனாருக்கு மிஷினைக் கொடுத்ததே பெரிய தியாகம் என்பது அம்மாவின் கட்சி. முதல் வாரத்திலேயே மூன்று ஊசி உடைந்தது. அத்தை போனில் யாரோ எங்கேயோ புரியாத பாஷையில் தைத்துக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துத் தைத்தாள். பாஷை புரியாததால் இரண்டு முன்னங்கால்களும் இடது கால்களாக அமைந்தன. பிரித்தாள். மறுபடி தைத்தபோது வயிற்றின் உள்பக்கம் வெளியே வந்துவிட்டது. அதையும் பிரித்தாள்.

துணி, ஒரு சாமியானாக் கடையில் கழித்துப்போட்டிருந்த நீல வெல்வெட் மேடைத் திரை. பல கல்யாணங்களின் புகையும் புழுக்கமும் அதில் இருந்தன. அதை மேலே போர்த்தினாலே எனக்குத் தும்மல் வரும். தினமும் மாலை நான் இடுப்பை மடக்கி, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் கையைப் பின்னால் நீட்டி என் முதுகில் சாக்பீஸால் கோடு போடுவாள், குண்டூசி குத்துவாள். நான் கத்தினால், "அசையாதடி, கோடு கோணிக்கினு போது" என்பாள். என் வீட்டுப்பாடம் கோணிக்கொண்டு போனதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

பிடரிக்கு நீல நைலான் கயிறு. அதைப் பிரித்து இழை இழையாக்கியது நான், விரலெல்லாம் கொப்புளம். தலைக்கு மாங்காய்க் கூடை. அதற்குள் வைத்த பஞ்சு அம்மாவின் தலையணையிலிருந்து வந்தது. கண்களாக என்னுடைய இரண்டு டிபன் பாக்ஸ் மூடிகள் ஒட்டப்பட்டன. மூடிகளைத் தொலைத்துவிட்டேன் என்று அம்மா என்னை அடித்து முடித்த பிறகுதான், காளை அவற்றால் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கவனித்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தத் திமில். மொட்டைமாடியில் ஒத்திகை பார்க்கும்போது, அத்தை வழக்கம்போலக் குனிந்து நடந்தால் காளை ஒழுங்காகவே இருந்தது. ஆனால் உள்ளே போனதும் அவளுக்கு என்ன ஆனதோ, நிமிர ஆரம்பித்தாள். அவள் நிமிர்ந்தால் திமில் தையல் விறைத்து, பின்பக்கம் முழுக்கத் தூக்கிக்கொண்டு, என் கால்கள் தரையில் பாவாது.

"குனி அத்த! குனிஞ்சிக்கினே நட!" என்று கத்தினேன்.

அவள் நின்றாள். "நீயுமாடி?" என்று மட்டும் கேட்டாள்.

அப்புறம் உட்கார்ந்து திமில் முழுவதையும் பிரித்தாள். அவள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி துணி ஒட்டுக்கொடுத்து மறுபடி தைத்தாள். அது சரியாக வராமல் இன்னொரு முறையும் பிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரெல்லாம் குனிகிறவள் ஒருநாள் காளைக்குள் குனிந்தால் என்ன குறைந்துபோகும்?

போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது சித்தூரிலிருந்து ஆறாவது குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளைக்கு மாம்பழக்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை. காளையைப் பின்கட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒளித்துவைத்து, பக்கத்தில் என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். அத்தை பலகாரத் தட்டை எடுத்துப் போகும்போது அம்மா அவள் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "கொஞ்சம் ஒடுங்கி நில்லு" என்றாள். அத்தையும் ஒடுங்கித்தான் நின்றாள். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா விவரமானவர். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கச் சொன்னார். மாப்பிள்ளையின் தலை அத்தையின் காதுவரை வந்தது.

"பொண்ணு காலேஜ்ல ஏதாச்சும் கேம்ஸ் ஆடுமா?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். இல்லை என்றார் நைனா.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் பின்கட்டுக்கு வந்தார். நான் என்னால் முடிந்தவரை கையை விரித்து மறைத்தேன். ஒன்பது வயதுப் பெண் ஒரு காளையை எவ்வளவு மறைக்க முடியும்? டிபன் பாக்ஸ் மூடிக் கண்கள் வெயிலில் பளபளக்க அந்தத் தலையைப் பார்த்ததும் அவர் போட்ட கூச்சல் அடுத்த தெருவரை கேட்டது. போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

"இந்த சனியன் புடிச்ச மாட்டாலதான் எல்லாம் போச்சு" என்றார் நைனா. அம்மாவுக்கும் அதுதான் அபிப்பிராயம். எனக்கும் அதுதான். நான்கூட அத்தையைக் கோபமாகப் பார்த்தேன். அவள் மட்டும் மாட்டைக் குற்றம் சொல்லவில்லை. நைனா அதைக் கொளுத்தப் போவதாகச் சொன்னபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வுட்ருண்ணா. அப்பால நீ யாரைக் காட்டினாலும் சரின்றேன். எதுவும் கேக்கமாட்டேன்."

நைனா மாட்டைத் தொடாமல் வெளியே போய்விட்டார். சித்தூர்க்காரர்கள் போன் பண்ணவில்லை. அத்தைக்குக் கல்யாணம் ஆனது மூன்று வருஷம் கழித்து, அவளைவிட இரண்டு விரல் குட்டையான, அதைப் பற்றிக் கவலையே படாத ஒருவரோடு. அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை திருப்பதி பஸ்ஸில் காளையின் தலைக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டர் ரேணிகுண்டா வரை யோசித்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் முப்பது நாற்பது ராஜாக்கள் அட்டைக் கோடாரியோடு நின்றார்கள். காளை நாங்கள் மட்டும்தான். ஒரு மூலையில் போய் உள்ளே புகுந்தோம். அத்தை தலையை மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த உலகம் நீல இருட்டும், வேர்வையில் நனைந்த அவள் முதுகும், வால் தைத்த இடத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டையும்தான்.

விசில் சத்தம் காதைப் பிளந்தது. "அப்பா, எந்த எத்து!" என்று தெலுங்கில் யாரோ கத்தினார்கள். எவ்வளவு உயரம்! இன்னொருவர் அதையே சொன்னார், பிறகு பலர். என் கைகள் அத்தையின் இடுப்பில் இருந்தன. அவள் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவது எனக்குத் தெரிந்தது. இதற்கு மேல் போகாது என்று நினைத்தபோது இன்னும் போனது. திமில் தாங்கியது. அவள் குளம்பைத் தட்டினாள், பிடரியைச் சிலுப்பினாள், ஒரு சுற்று ஆடக்கூடச் செய்தாள். அவள் ஆடுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. "மெதுவா அத்த, மெதுவா!" என்று நான் கத்தியது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

முதல் பரிசு காளைக்குத்தான். மேடையில் ஏற்றினார்கள். வால் ஓட்டை வழியாகச் சைக்கிள் தெரிந்தது. சிவப்பு. ஹேண்டிலில் பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை.

மைக் பிடித்திருந்தவர், "லோபல எவருன்னாரு?" என்று கேட்டார். உள்ளே யார் இருக்கிறீர்கள், தலையை எடுங்கள், போட்டோ எடுக்க வேண்டும் என்றார். அத்தை அசையவில்லை. மறுபடி கேட்டார். அத்தை காளைத் தலையை இட வலமாக ஆட்டினாள். கூட்டம் அதை நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. முகம் காட்டாதவர்களுக்குப் பரிசு கொடுப்பது வழக்கமில்லை என்று மைக் பிடித்தவர் இப்போது கொஞ்சம் கறாராகவே சொன்னார்.

என்னால் முடியவில்லை. பின்பக்கத்துப் பித்தான்களைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மைக் பிடித்தவர் குனிந்து அதை என் வாயருகே வைத்தார்.

"உள்ளே கீறது எங்க அத்த!" என்றேன். "கழட்ட மாட்டேன்னுது!"

"ஆடபில்லா?" என்று ஒரு குரல் ஆச்சரியப்பட்டது. பெண்ணா! அந்த உயரத்தைப் பார்த்து யாரோ ஒரு ஆம்பிளை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள் போல. அவ்வளவுதான், மண்டபமே எழுந்து நின்றது. போன்கள் மேலே உயர்ந்தன. "தல தீயண்டி! தல தீயண்டி!" என்று தலையை எடுக்கச் சொல்லித் தாளம் போட ஆரம்பித்தார்கள். நான் ஓடிப்போய் வெல்வெட்டைப் பிடித்து இழுத்தேன்.

"ஒரே ஒரு நிமிஷம் அத்த. மூஞ்சியைக் காட்டு. சைக்கிள் அத்த!"

மாங்காய்க் கூடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வேணாம்டி. இன்னிக்கி வேணாம். கேக்காத."

பிறகு காளை திரும்பியது. முன்னங்கால்கள் இரண்டும் படியிறங்கி, கூட்டம் விலகி வழிவிட, நிமிர்ந்தபடியே நடந்து போயின. காலியாகக் கிடந்த பின்னங்கால்களை வாரிக் கையில் எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே பின்னால் நான் போனேன். சைக்கிள் ரேணிகுண்டாவிலிருந்து வந்த ஒரு ராஜாவுக்குப் போனது. அவன் தாடிகூட ஒரு பக்கம் பிய்ந்துகொண்டு இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் அருகே அத்தை தலையைக் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை, பொட்டு மூக்கு வரை வழிந்திருந்தது. நான் சேர்த்துவைத்திருந்த திட்டுகளை ஆரம்பிப்பதற்குள் அவள் கேட்டாள்.

"எவ்ளோ பேரு போட்டோ புடிச்சாங்க, பாத்தியா?"

"உன்னை ஒருத்தரும் புடிக்கல. மாட்டைத்தான் புடிச்சாங்க" என்றேன்.

"ஆமாண்டி" என்று சிரித்தாள். அவ்வளவு பெரிதாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "மாட்டைத்தான் புடிச்சாங்க."

சைக்கிளும் போய், நாளையிலிருந்து நைனா காட்டுகிற ஆளுக்கெல்லாம் சரி சொல்லவும் வேண்டும் என்றிருக்கும்போது இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வெல்வெட்டுக்குள் மூளை வெந்துவிட்டது என்றுதான் முடிவு செய்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவளோடு உட்கார மறுத்து, இரண்டு வரிசை தள்ளி ஒரு பூக்காரம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தை மடியில் கூடையை வைத்துக்கொண்டு முன்னால் இருந்தாள். மற்ற தலைகளுக்கெல்லாம் மேலே அவள் தலை தனியாகத் தெரிந்தது. மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

"அந்த நெட்டப் பொண்ணு உங்கூடவா வந்துது பாப்பா?" என்று பூக்காரம்மா கேட்டார். "யப்பா, இன்னா ஒசரம்! எவன் கட்டிப்பான் இத?"

"எங்கூட வரல. அது யாருன்னே எனக்குத் தெரியாது" என்றேன், முன் வரிசைக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்க.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மட்டும் நின்றது. பிறகு, மற்ற தலைகளுக்கு மேலே தெரிந்துகொண்டிருந்த அவள் தலை மெல்ல மெல்லக் கீழே இறங்கி, இருக்கைக் கம்பிக்குப் பின்னால் மறைந்துபோனது. ஆடின அலுப்பில் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.