நாக்கு மேஸ்திரி

காலையில் கப்பல் ஏணியடியில் நடக்கும் கூத்தை முதல்முறை பார்ப்பவர்கள் சிரிக்காமல் போனதில்லை. மீசை வைத்தவன், நரை விழுந்தவன், போன வாரம் கல்யாணமானவன் என்று எல்லோரும் வரிசையாக நின்று நாக்கை நீட்டிக்கொண்டிருப்பார்கள். எதிரே மேஸ்திரி, கையில் டார்ச். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு நாக்காகப் பார்ப்பார். "இன்னும் நீட்டுடா. சாப்பாட்டைக் கண்டா மட்டும் எவ்வளவு நீளுது!" என்பார். கிரேன் ஓட்டுகிறவர்கள் மேலேயிருந்து விசிலடிப்பார்கள். நாக்கு மேஸ்திரி என்ற பெயரை யார் வைத்தார்களோ, துறைமுகம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

சிரிக்கிறவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டுப் போவார்கள். உள்ளே இறங்குகிறவனுக்கல்லவா தெரியும்! கப்பல் எஞ்சினில் எரிவது நம் வண்டிகளில் ஊற்றுகிற எண்ணெய் இல்லை. நல்லதையெல்லாம் வடித்து எடுத்த பிறகு அடியில் தங்குகிற கசடு. சூடு பண்ணினால்தான் ஓடும், அவ்வளவு கெட்டி. நிக்கல், வனேடியம் என்று உலோகங்கள் அதில் கலந்து கிடக்கும். எண்ணெய் எரிந்துவிடும், உலோகம் எரிந்தா போகும்? புகையோடு கிளம்பிவிடும். போகிற வழியில், அந்தப் புகையின் சூட்டிலேயே தண்ணீர் காய்ச்ச ஒரு பாய்லர் வைத்திருப்பார்கள். அதன் குழாய்களில் கொஞ்சம் கரியாக அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் மேஸ்திரி ஆட்களின் தொழில். மிச்சம் புகைபோக்கி வழியாக வெளியே போகும். "ஒட்டுனது நமக்கு, ஒட்டாதது ஊருக்கு" என்பார் மேஸ்திரி.

அந்தத் தூள் மூச்சில் போனால் இருமல் வரும், நெஞ்சு இழுக்கும். வனேடியம் அதிகமாகப் போனால் நாக்கு பச்சையாகிவிடும். மேஸ்திரி இளவட்டமாக இருந்தபோது துறைமுக டாக்டர் ஒருவர் அவர் வாயைப் பார்த்துவிட்டு, "நாக்குல தெரியுதுன்னா நெஞ்சுக்குள்ளயும் போயிருக்குன்னு அர்த்தம். நிறமெல்லாம் போற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதே" என்று சொன்னார். கேட்டவர் மறக்கவில்லை. தானே மேஸ்திரி ஆனதும் சட்டம் போட்டுவிட்டார். முதலில் தண்ணீர் அடித்துக் கரியைச் சேறாக்க வேண்டும். காற்றாடி ஓட வேண்டும். முகமூடி போட வேண்டும். அப்புறம்தான் ஆள் இறங்கலாம். நாக்கு பச்சையாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

இந்தச் சட்டம் சொந்தக்காரனையும் விட்டதில்லை. மேஸ்திரியின் மச்சினன், ஒரு இடத்தில் நிற்க மாட்டாதவன், பம்பரம் என்று கூப்பிடுவார்கள். தண்ணீர்க் குழாய் பிடிக்கிற வேலை அவனுக்கு. ஒருநாள் அவனும் பச்சை நாக்கோடு மாட்டினான். நேரே அக்கா வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டார்க்கா மாமா."

"மானம் போனா நாளைக்கு வரும். மூச்சு போனா வருமாடா? பேசாம சாப்பிடு" என்றாள் அக்கா.

அவள் அப்படித்தான். புருஷனை நேரில் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை, ஆனால் அவரை யாராவது குறை சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். துறைமுகத் தெருவில் உள்ள சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. கப்பல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து மொட்டைமாடியில் காயப்போடுவார்கள். காற்று துறைமுகத்திலிருந்து திரும்பினால் போச்சு, வெள்ளைத் துணியெல்லாம் கறுப்புப் புள்ளி. "உங்க கப்பல் இன்னைக்கும் என் துணியில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கு" என்று வீட்டுக்கு வந்து அவரைத்தான் ஏசுவாள். அவரும் ஏதோ தாமே புகை விட்டதுபோலத் தலையைச் சொறிவார்.

அவருடைய வேலை உடுப்பை மட்டும் அவள் மற்றத் துணியோடு சேர்க்க மாட்டாள். தனி வாளி. அப்படித் துவைக்க எடுத்தபோதுதான் பையில் மிட்டாய்த் தாள்கள் தட்டுப்பட்டன. சிவப்பு மிட்டாய். மறுநாளும் இருந்தன, அதற்கு மறுநாளும்.

"இந்த வயசுல மிட்டாயா? சர்க்கரை வியாதியை விருந்துக்குக் கூப்பிடுறீங்களா?"

"சும்மா, தொண்டை கரகரங்குது" என்றார் அவர், வாயை அதிகம் திறக்காமல்.

அவள் அதை நம்பித்தான் விட்டாள். ஆனால் இருமல் விடவில்லை. படியேறினால் பாதியில் நின்று, கைப்பிடிச்சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நடிக்க ஆரம்பித்தார். ஒருநாள் காலை, பல் விளக்கிவிட்டு வந்தவர் மிட்டாயைத் தேடிச் சட்டைப்பையைத் துழாவுவதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது. சமையலறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாக்கை நீட்டுங்க."

"எனக்கெதுக்குடி? நேரமாச்சு, வழியை விடு."

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

நீட்டினார். பச்சை. கழுவாத தண்ணீர்த் தொட்டியின் பாசிப் பச்சை. ஊரார் நாக்கையெல்லாம் பார்க்கிற மனுஷனின் நாக்கைப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டதே! அவர் நின்றது எப்போதும் டார்ச்சுக்கு இந்தப் பக்கம்தான். ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, கட்டிய பெண்டாட்டி தனக்கும் தோன்றவில்லையே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இந்த ஒரு கப்பல்டி" என்றார் அவர் மெதுவாக. "கப்பல் கம்பெனி ஏஜென்ட் அவசரப்படுறான். தண்ணி அடிச்சா அந்தக் கறுப்புத் தண்ணியைப் பிடிச்சு லாரியில ஏத்தி அனுப்பணும், கடல்ல விட முடியாது. ஒருநாள் கூடுதலா ஆகும். அதனால காய்ஞ்ச கரியையே சுரண்டுங்கன்னு நிக்கிறான். நான் இருந்தா அவன்கிட்ட மல்லுக்கட்டுவேன். நான் இல்லைன்னா பசங்களை அப்படியே இறக்கிடுவான். உன் தம்பியும்தான் அதுல இருக்கான்."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று அந்தக் கப்பலின் விரிப்புகளை வாங்கிவர வேறொருத்தி போக வேண்டியது. இவள் அவளிடமிருந்து துறைமுக வாயிலில் காட்டுகிற அனுமதிச் சீட்டைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு தானே துறைமுகத்துக்குப் போனாள். ஏணியடியில் மேஸ்திரி கடைசி நாக்கைப் பார்த்து முடித்து டார்ச்சை அணைத்திருந்தார்.

"இன்னும் ஒருத்தர் பாக்கி" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் புருஷன் கையிலிருந்த டார்ச்சை வாங்கித் தம்பியிடம் கொடுத்தாள். "உங்க மாமா நாக்கைப் பாருடா."

பம்பரம் இளித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். மேஸ்திரி நினைத்திருந்தால் ஒரு அதட்டு அதட்டி வேலையைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், யாரும் எதிர்த்திருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை, அதுதான் அவர். போட்ட சட்டம் தனக்கும்தான் என்று வரிசையின் கடைசியில் போய் நின்று நாக்கை நீட்டினார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"மாமா..." என்றான் பம்பரம். அப்புறம் டார்ச்சை அணைத்தான். "வீட்டுக்குப் போங்க மாமா."

ஏஜென்டுக்கு இது தோதாகப் போயிற்று. "அவர் போகட்டும். நீங்க சட்டுன்னு இறங்குங்க. தண்ணியெல்லாம் வேணாம், கப்பல் சாயங்காலம் கிளம்பணும்" என்றான்.

எந்த நிமிஷத்துக்குப் பயந்து மனுஷன் நாக்கை மறைத்தாரோ அது வந்தே விட்டது. வாயைத் திறக்கப் போனார், இருமல் முந்திக்கொண்டது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். அவள் முதுகைத் தடவினாளே தவிர, கண் தம்பி மேல்தான் இருந்தது. அவசரக்குடுக்கை, எதற்கும் தலையாட்டுகிறவன்.

"கரியில தண்ணி அடிக்காம ஒருத்தரும் இறங்க மாட்டோம்" என்றான் பம்பரம். கால் நிலத்தில் நிற்கவில்லை, குரல் உறுதியாக நின்றது.

"எனக்கென்ன, வேற ஆள் இல்லையா?" என்று ஏஜென்ட் போனை எடுத்தான்.

வேறு ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். முகமூடி என்று ஆளுக்கொரு கைக்குட்டை. ஏணியை மறித்துக்கொண்டு பம்பரம் டார்ச்சோடு நின்றான். "ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை நாக்கைக் காட்டிட்டுப் போங்கண்ணே" என்றான். இந்தக் கூத்தைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் வேடிக்கைக்காக, கண்ணை உருட்டிக்கொண்டு முழுசாக நீட்டினான். பச்சை. அடுத்தவன் பச்சை. அதற்கடுத்தவன் நாக்கு ஏறக்குறைய கறுப்பு. ஒருவன் வாயை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், பார்த்ததில்லை.

"இது என்னண்ணே?" என்று கேட்டான் ஒருவன், மேஸ்திரியைப் பார்த்து.

மேஸ்திரி சொன்னார், இருமலுக்கு நடுவே, ஒன்றையும் மறைக்காமல். சொல்லி முடித்தபோது ஏணியில் கால் வைக்க ஒருவனும் இல்லை. ஏஜென்ட் கத்திப் பார்த்தான், யார் யாருக்கோ போன் போட்டான், கடைசியில் கறுப்புத் தண்ணீர் ஏற்றுகிற லாரிக்குச் சொல்லி அனுப்பினான். கப்பல் நாளைக்குத்தான் போகும். பம்பரம் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமூடியை இறுக்கி, மேலே ஏறினான். அவன் ஆட்கள் பின்னாலேயே ஏறினார்கள்.

மேஸ்திரி கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"நான் இல்லைன்னா இவங்களைக் காவு கொடுத்துடுவாங்கன்னு நினைச்சேன்டி."

"நீங்க இல்லாம அவங்க பொழைச்சுக்குவாங்க" என்றாள் அவள். "நான் என்ன செய்வேன்னு நினைச்சீங்களா?"

அவர் எழுந்து, அவள் துணி வண்டியைத் தள்ளப் போனார். அவள் விடவில்லை. அவளே தள்ளினாள், அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று நின்று, அவளோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.