கங்கம்மா திட்டாத காலை

கங்கம்மா வாயைத் திறந்தால் திட்டுதான். புத்தூருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் அவளிடம் திட்டு வாங்காத மாடு கிடையாது, மனிதன் கிடையாது. புருஷன் முனிகிருஷ்ணனை அவர் இருந்த காலமெல்லாம் 'ஒதவாக்கரை' என்றே கூப்பிட்டாள். அவர் நெஞ்சுவலியில் போன மறுநாளே "தங்கமான மனுசன், என்னை ஒரு சொல்லு சொல்லியிருப்பாரா" என்று ஆரம்பித்துவிட்டாள். கங்கம்மாவிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமானால் செத்துத்தான் ஆக வேண்டும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்டவளிடம் தினப்படி திட்டு வாங்கிக்கொண்டு ஒரு சாரைப்பாம்பு வளர்ந்தது. கடலைக்கொடிப் போரில் விரல் தண்டிக் குட்டியாகக் கிடைத்தது அது. ஆளுக்கொரு கழியோடு ஓடி வந்தார்கள். "எலி மூட்ட மூட்டயா துன்னுச்சே, அப்ப எங்கடா போச்சி இந்தக் கழியெல்லாம்?" என்று கேட்டு, குட்டியை முந்தானையில் வாரிக்கொண்டுபோய் விதைக்கடலை அறையில் விட்டாள். எலி ஒழிந்தது. குட்டி ஆள் நீளம் வளர்ந்தது. காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று, ஒவ்வொரு மூட்டையாக மோந்து பார்த்துக்கொண்டே போகும். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் அதற்குக் 'கர்ணம்' என்று பேர் வைத்தாள். ஊர்க் கணக்கு எழுதுகிற நிஜக் கர்ணத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என்னுது ஒயுங்கா வேல செய்யுது சாமி, உங்களுக்கு அதனால கௌரவம்தான்" என்று சொல்லிவிட்டாள் மகராசி.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எல்லைத் தகராறும் ஒருவழியாகத் தீர்ந்து, திருத்தணிப் பக்கம் சென்னை ராஜ்யத்துக்கு, புத்தூர் ஆந்திராவுக்கே என்று முடிவாகியிருந்த சமயம். கங்கம்மாவின் ஒரே மகள் சுலோசனாவைக் கட்டிக்கொடுத்தது திருத்தணிக்குப் பக்கத்தில். "பொண்ணு ஒரு ராஜ்யம், ஆத்தா ஒரு ராஜ்யமா?" என்று கேட்டவர்களையெல்லாம் அவள் திட்டித் தீர்த்தாள். அந்தச் சுலோசனாதான் இப்போது பிள்ளைப்பேற்றுக்கு வந்து வீட்டில் இருந்தாள். இது இரண்டாவது. முதல் குழந்தை மூச்சில்லாமலே பிறந்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போகையில் "தங்கம்டி அது" என்று கங்கம்மா சொன்ன குரல் சுலோசனாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

மருமகன் சந்திரன் நல்ல பையன், அவசரக்காரன். பெண்டாட்டியைப் பார்க்க வந்தவன் சும்மா இருக்க மாட்டாமல், புதுசாக வந்த கடலை மூட்டைகளை அடுக்கித் தருகிறேன் என்று தோளில் தூக்கிக்கொண்டான். அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. மூட்டையை எடுத்தாலும் சரி, வைத்தாலும் சரி, முதலில் சுவரை நாலு தட்டுத் தட்ட வேண்டும். கர்ணம் நகர்ந்துவிடும்.

"தட்டிட்டு வைங்க மாப்ள" என்று அடுப்படியிலிருந்து கங்கம்மா கத்தினாள். அதற்குள் அவன் தொப்பென்று போட்டுவிட்டான்.

மூட்டையைப் புரட்டினால் அடியில் கர்ணம். தலை தூக்கிச் சீறுகிறது, வாய் திறக்கிறது, ஆனால் நடுமுதுகுக்குக் கீழே அசைவே இல்லை. முன்பாதி இழுத்த இழுப்புக்குப் பின்பாதி பழந்துணியைப் போல வந்தது. சந்திரனின் முகத்தில் ரத்தமே இல்லை. புள்ளத்தாச்சியின் புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது, அடித்து அது செத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அந்தப் பக்கம் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவன் திரும்பிப் பார்த்தான். வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுலோசனா நின்றிருந்தாள்.

"செத்துப்பூடுச்சா?" என்றாள்.

"சாகல. அடி பட்டுக்கினு கீது, அவ்ளோதான். நீ உள்ள போ!" என்று கங்கம்மா அதட்டினாள்.

அதற்கப்புறம் செய்தான் பாருங்கள் சந்திரன், புத்தூர்ப் பக்கத்து மாப்பிள்ளை மட்டுமே செய்யக்கூடிய காரியம். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டு. தேசம் முழுக்க வண்டி கட்டிக்கொண்டு வந்து போட்டுக்கொள்கிற கட்டு அது. போன வருஷம் அவன் கைக்கே போட்டிருந்தார்கள். பாம்பைத் தூக்கிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போக வெட்கம். என் கைக்குப் போட்டதைத்தான் பார்த்தேனே, நானே போடுகிறேன் என்று தழை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, மூங்கில் பத்தை வைத்து, நடு உடம்பைச் சுற்றித் துணியால் இறுக்கிவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கங்கம்மாவுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குள் கர்ணம் வாயைப் பிளந்துகொண்டது. கழுத்துப் பக்கம் வீங்கியது. சீற்றம் நின்றுபோனது. கங்கம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். மனிதனுக்கு நெஞ்சு ஏறி இறங்குவது போல அதற்கு விலா ஏறி இறங்க வேண்டும். இறங்கவில்லை. "அடப்பாவி, மூச்சயே கட்டிப்புட்டீங்களே மாப்ள!" என்று அலறி, அரிவாளால் துணியை அறுத்து எறிந்தாள். பத்தை சிதறியது. கர்ணம் ஒருதரம் நீளமாக மூச்சை இழுத்தது. சந்திரன் அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை, மூடி போட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டு கங்கம்மா திருப்பதிக்கு ரயிலேறினாள். பெட்டி முழுக்க எல்லைச் சண்டை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இருவர் கிட்டத்தட்ட சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் கூடையைக் காட்டி, "இன்னாம்மா இது, கோழியா? கொஞ்சம் கீழ வெச்சிக் குந்த எடம் குடு" என்று மூடியில் கை வைத்தான். உள்ளே லேசாக ஒரு சரசரப்பு. பயந்து யாராவது கூடையை ஜன்னல் வழியே வீசிவிட்டால்? "கையெடுடா! ராஜ்யம் புடிக்க வந்தவனுக்குக் கோழிகூட வேணுமா?" என்று ஒரு போடு போட்டாள். பெட்டியே சிரித்தது. அவன் நகர்ந்துவிட்டான். ரேணிகுண்டா வரைக்கும் அவள் மூடியை அமுக்கிய கையை எடுக்கவில்லை.

திருப்பதி மாட்டாஸ்பத்திரி டாக்டர் கூடையைத் திறந்ததும் ஓரடி பின்னால் போனார். "நேனு எத்துலு, ஆவுலு சூசேவாண்ணம்மா" என்றார். மாடு பார்க்கிறவனிடம் இதைக் கொண்டுவந்தாயே என்று. ஆனாலும் நல்ல மனிதர், விரட்டவில்லை. விரலால் முதுகைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். தெலுங்கிலேயே பொறுமையாகச் சொன்னார். இதற்குக் கீழே இனி அசையாது. மருந்தில்லை. கழிவு தானாக வெளியே வராது, வெந்நீரில் வைத்து வயிற்றை மெல்ல நீவி எடுக்க வேண்டும். புண் வராமல் புரட்டிப் போட வேண்டும். இரையைத் துண்டாக்கி வாயில் வைக்க வேண்டும்.

"பதுகுத்துந்தா சார்?" பிழைக்குமா என்று கேட்டாள்.

"செப்பலேனு." சொல்ல முடியாது.

எம் பொண்ணு பெத்துப் பிழைக்கிறவரைக்குமாவது, என்று கங்கம்மா கெஞ்சினாள். விஷயத்தைக் கேட்ட டாக்டர் சிரிக்கவில்லை. உன் மகளின் பிள்ளைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையம்மா என்றார்.

"எனக்குத் தெரியுது சார். அவளுக்குத் தெரியணுமே" என்றாள்.

அன்றிலிருந்து கங்கம்மாவுக்கு வேறு பிழைப்பில்லை. அகலமான தவலையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர். அதில் கர்ணத்தைக் கிடத்தி, முறிந்த இடத்துக்குக் கீழே கட்டைவிரலால் வால்பக்கமாக நீவுவாள். பழைய நூல் புடவையில் படுக்கை. அடிவயிற்றில் புண் வந்தபோது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். தவளையைத் துண்டு துண்டாக்கி மூங்கில் குச்சியால் தொண்டைக்குள் தள்ளினாள். ஒருதரம் விரலைக் கடித்தே விட்டது. பாம்புக்குப் பால் வார்க்கிற நாகசவிதியன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் பால்செம்போடு வந்து நின்றார்கள். "அதும் மூக்குல பால ஊத்தி மூச்சடைக்க வெக்கிறதுக்கா வந்தீங்க?" என்று ஒருத்தி விடாமல் துரத்தினாள்.

இதெல்லாம் செய்கிறபோது வாய் சும்மா இருக்குமா? "துன்னு சனியனே! ராசா ஊட்டுப் புள்ளயா நீ, ஊட்டி வுடறதுக்கு? எம் பொண்ணு பெக்கறதுக்குள்ள செத்து வெச்சே, உன்னக் கொன்னே பூடுவேன்!" சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த சுலோசனா இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா திட்டுகிறாள் என்றால் கர்ணம் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குக் கஞ்சி இறங்கும்.

சந்திரன் வரும்போதெல்லாம் அறை வாசலிலேயே நின்று, "உயிரு இருக்குதா அத்தே?" என்பான். உள்ளே வர மாட்டான்.

கார்த்திகை மாசத்தில் ஒருநாள் விடிந்ததும் சுலோசனாவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி சென்னம்மா வந்து உட்கார்ந்தாள். சந்திரனுக்கு ஆள் போயிற்று. கங்கம்மா வழக்கம்போல வெந்நீரை எடுத்துக்கொண்டு விதை அறைக்குப் போனாள்.

கர்ணம் தலையை நீட்டிக் கிடந்தது. கண்ணின் மேல் எறும்பு.

கங்கம்மா தவலையைக் கீழே வைத்தாள். தொட்டுப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள். குட்டியாக இருந்தபோது முந்தானையில் சுருண்டு கிடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் முனகினாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். பிறகு எறும்பைத் தட்டிவிட்டு, புடவைத் துணியால் மூடி, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"எம்மா, கர்ணம் இன்னா பண்ணுது?"

"நல்லாக்கீதுடி. சொன்ன பேச்சக் கேட்டுக்கினு ஒயுங்கா துன்னுச்சி. தங்கம்."

சுலோசனா அம்மாவையே பார்த்தாள். அடுத்த வலி வந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குப் பகல் முழுவதும் கங்கம்மா செத்த பாம்புக்குப் பணிவிடை செய்தாள். வெந்நீர் கொண்டு போவாள், அறைக்குள் நின்றுவிட்டுக் கொண்டு வருவாள். உச்சிப்பொழுதுக்கு வந்த சந்திரன் தொழுவத்தோரம் நின்று கேட்டான். "இருக்குது" என்றாள் முகத்தைப் பார்க்காமல். பிள்ளை குறுக்கே நிற்கிறது போலத் தெரிகிறது என்று சென்னம்மா உதட்டைப் பிதுக்கினாள். ஒவ்வொரு வலிக்கு நடுவிலும் சுலோசனா கேட்டாள்: "கர்ணம்?" ஒவ்வொரு முறையும் கங்கம்மா "கீதுடி" என்றாள். ஐயோ, இது தெரிந்தால் இவள் மனசு விட்டுவிடுவாளே, இந்தப் பிள்ளையும் போய்விடுமே. திட்டவும் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு திட்டுச் சத்தமும் கேட்கவில்லை.

சென்னம்மா வயிற்றை நீவி நீவிப் பிள்ளையை நேராக்கினாள். மாடு திரும்புகிற நேரத்துக்கு அது பிறந்தது. பெண். முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் வீல் என்று கத்தியது. சென்னம்மா குளிப்பாட்டித் தாயின் பக்கத்தில் போட்டுவிட்டு, சேதி சொல்ல வெளியே போனாள்.

"எம்மா" என்றாள் சுலோசனா. "கர்ணம் காலையிலயே செத்துப்பூடுச்சி இல்ல?"

கங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடி சொன்னா?"

"நீதான் சொன்ன. தங்கம்னியே."

"தெரிஞ்சுக்கினாடி பகலெல்லாம் கேட்டுக்கினு இருந்த?"

"நான் கேக்கலன்னா, எனக்குத் தெரிஞ்சிப்போச்சின்னு நீ பயந்துடுவியே."

"உனக்குப் பயமா இல்லியா?"

"செத்துப் பொழச்சேம்மா. இன்னா பண்றது? நீ வெந்நீ எடுத்துக்கினு போய்க்கினு வந்துக்கினு இருந்த. அதப் பாத்துக்கினே முக்கினேன்." மகள் கை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்தாள். வேப்பிலை வாடை இன்னும் போகாத கை. "அவருகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம். நீ இப்ப அழு."

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது பீறிட்டு வந்தது. கங்கம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பேத்தி பிறந்த சந்தோஷம் என்று வெளியே சென்னம்மா சொல்வது கேட்டது. அந்தச் சத்தத்தில் குழந்தை திடுக்கிட்டு, கை காலை உதைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

கங்கம்மா மூக்கைச் சிந்திப் போட்டாள். குழந்தையின் மேல் குனிந்தாள்.

"ஏ தரித்திரம்! இன்னாத்துக்கு இப்ப இந்தக் கத்து? ஆத்தாள ஒருநாள் பூரா உயிர வாங்கிட்டு, வந்ததும் வராததுமா அதிகாரத்தப் பாரு! குறுக்க நின்னுக்கினு இருந்தியாமே, ராஜ்யம் எந்தப் பக்கம்னு பாத்துக்கினு இருந்தியா, சனியனே!"

சுலோசனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் திட்டும்மா" என்றாள்.