ஸ்டெல்லா மேடம் தராத சான்றிதழ்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஒரு காருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. வல்லத்திலிருந்து சேவியர்.

"அண்ணே, ஸ்டெல்லா போயிட்டாண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கொண்டாற முடிஞ்சுது" என்றார்.

சேவியரின் மனைவிதான் ஸ்டெல்லா மேடம். நாற்பத்து நான்கு வயது சாகிற வயதா? வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் புகைப் பரிசோதனை மையம் நடத்தி வந்தார் அவர். எதிர்ச்சாரியில் என் மெக்கானிக் ஷெட். சைலன்சருக்குள் ஒரு குழாயைச் செருகி, புகையில் நச்சு எவ்வளவு என்று பார்த்து, அளவுக்குள் இருந்தால் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. வண்டியே வராமல் சான்றிதழ் கேட்பவர்கள் எங்கும் உண்டு. அவரிடம் அது நடக்காது.

மையம் திறந்த முதல் வாரத்திலேயே, நான் சர்வீஸ் செய்து அனுப்பிய கார் ஒன்றை ஃபெயில் ஆக்கினார். சாலையைக் கடந்து போய்ச் சத்தம் போட்டேன். "மிஷின்ல இன்னா கோளாறோ, என் வேலையக் குத்தம் சொல்றீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏர் ஃபில்டரக் கழட்டுங்கண்ணே, பாத்துடலாம்."

கழற்றினேன். ஃபில்டர் முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தூசி. அந்தக் கார்க்காரர் கடலை காயும் களத்து ஓரமாகவே வண்டி நிறுத்துகிறவர். "காத்து போவலன்னா பெட்ரோல் எப்டிண்ணே முழுசா எரியும்? பாதி அப்டியே புகையா வருது" என்றார் மேடம். புது ஃபில்டர் போட்டு, பிளக்கைச் சுத்தம் செய்து கொண்டுபோனேன். அவர் உடனே குழாயைச் செருகவில்லை. "இஞ்ஜின் நல்லா சூடாவட்டும். ஆறிப்போன வண்டிய டெஸ்ட் பண்ணா நல்ல வண்டிகூட ஃபெயில் ஆவும்" என்று கால் மணி நேரம் ஓடவிட்டார். பிறகு பாஸ் ஆனது.

அன்று முதல், ஃபெயில் ஆன சீட்டின் பின்பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்று பென்சிலால் எழுதி என்னிடம் அனுப்புவார். முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்த எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் பெரும்பாலும் அவர் எழுதியதுதான் சரியாக இருக்கும்.

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிங்கவரத்துக் குமார் தன் வேனை என்னிடம் விட்டு, சான்றிதழ் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தான். மறுநாள் அமாவாசை; மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போவதாகத் திட்டம். வேனை மேடத்திடம் கொண்டுபோனேன். ரீடிங் அனுமதித்த அளவுக்கு மிகவும் கீழேயே நின்றது.

"பாஸ்தான மேடம், பிரிண்ட் குடுங்க."

"இல்லண்ணே. இந்த வயசு வண்டிக்கு இவ்ளோ கம்மியா வராது. வெளிக்காத்து கலக்குது. புகை வேற எங்கியோ போவுது."

ஒரு துணியை நனைத்துச் சைலன்சர் வாயை இறுக்க அடைத்தார். மூச்சு முட்டி நிற்க வேண்டிய இஞ்ஜின் நிற்காமல் ஓடியது. பின்சீட்டுக்கு அடியில் உஸ்ஸென்று சத்தம். அங்கே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினார். துருப்பிடித்து இற்றுப்போன தரைத் தகரத்தின் ஓட்டையைச் சுற்றிக் கரி. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யில் போயிருந்தால், பின்சீட்டில் இருப்பவர்கள் நச்சுப் புகையில் மயங்கிச் செத்தாலும், தூங்குகிறார்கள் என்றே முன்சீட்டில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள்.

சைலன்சருக்குப் போகும் அந்தப் புகைப் பைப்பை மூன்று நாள் முன்பு நான்தான் சரிசெய்தேன். வெல்டிங் வைக்காமல், அவசரத்துக்குப் பசை பூசித் தகடு சுற்றிவிட்டிருந்தேன். மேடம் ஓட்டை வழியே அந்தத் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.  சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "தள்ளினு போயி வெல்டு வச்சு, தகரத்த மாத்திட்டு வாங்க. அதுவரைக்கும் இது ஓடக் கூடாது" என்றார்.

வேலை முடிய மறுநாள் மதியமாகிவிட்டது. குமாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அந்த மேடம் சும்மா கொடச்சல் குடுக்குது." அவன் போகிற இடமெல்லாம் அவரைத் திட்டினான். அது அவர் காதுக்கும் போனது. ஒரு நாள் தயங்கித் தயங்கி அந்தப் பேச்சை எடுத்தேன்.

"திட்டனா திட்டட்டும்ணே. பைப் இப்ப நல்லா இருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அதன் பிறகும் குமாரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.

வல்லத்துக் கல்லறைத் தோட்டத்துக்குக் குமாரும் வந்திருந்தான். "கறாரான பொம்பளண்ணே. அன்னிக்கு ஒரு நாள் பூரா என்ன அலைய வச்சுது" என்றான் என் காதருகே. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், என் தகட்டையும் சேர்த்து.

 "எம் பாப்பா பின்சீட்லதாண்ணே படுத்துனு வரும்" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியருகே போனான். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவன் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அள்ளி, ஓசை கேட்காதபடி மெல்ல இறக்கினான்.

மேடம், நீங்கள் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள். அமைதியாக உறங்குங்கள்.